புள்ளிக்கு அப்புறம்

பிப்ரவரி இரண்டாம் வாரம்.
பாடத் தேர்வுப் படிவங்கள் என் மேஜைக்கு வரும் பருவம்.
பென்சில்வேனியாவில் இந்த மாதம்
பனி வெள்ளையாக இருப்பதில்லை;
வண்டி நிறுத்தத்தின் ஓரங்களில்
கரி பூசிக் குவிந்து உட்கார்ந்திருக்கும்.

பத்தொன்பது வருடமாக இங்கே பதிவாளர் நான்.
பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியாது,
என் எண்களைத் தெரியும்.
சாதாரண வகுப்பில் ஏ வாங்கினால் நான்கு,
ஆனர்ஸ் என்றால் நாலரை,
ஏபி என்றால் ஐந்து.
ஒரே எழுத்துதான்.
எதிர்த்தட்டில் வைக்கும் படிக்கல் வேறு.

கோர்வின் ஹாஸ்
ஆறாம் வகுப்பிலிருந்து பஸூன் வாசித்தவன்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறும்போது
ஓட்டுநர் ஆல்மா எழுந்து வந்து ஒரு கை கொடுப்பாள்.
கருவி ஏழு பவுண்டு.
இசைக்குழுப் பாடத்துக்கு எடை கிடையாது.
அதில் அவன் வாங்கும் ஏ வெறும் நான்கு,
நாலரைக்கு மேலிருக்கும் சராசரியைக்
கணுக்காலைப் பிடித்துக் கீழே இழுக்கிற நான்கு.
அவன் அம்மா மளிகைச் சீட்டின் பின்புறம்
கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்:
வாசித்தால் 4.68, வாசிக்காவிட்டால் 4.71.
சரிபார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தாள்.
முழு மதிப்பெண் வாங்கியே ஒருவன் கீழே இறங்கும் கணக்கு.
நான் உண்டாக்கியதில்லை அது,
என் கணினியில்தான் ஓடுகிறது.

ரோஸலிண்ட் டீக் வந்தது வியாழன்.
ஏழாம் வகுப்பில் தரம் பிரிக்கும் தேர்வன்று
அவளுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
நாற்பதுக்கு இருபத்தொன்பது.
முப்பது வேண்டும்.
அன்றிலிருந்து இரண்டாம் நிலைக் கணக்கு,
அதன் பிறகும் இரண்டாம் நிலை,
மாடிப்படி வைக்க மறந்த கட்டடம் போல.
ஆசிரியர் பரிந்துரை:
‘தற்போதைய நிலையிலேயே தொடரலாம்.’
அந்த ‘லாம்’ அனுமதி மாதிரிதான் கேட்கும்.

அவள் நீட்டியது மஞ்சள் தாள்.
பரிந்துரையை மீறி மேலே போகிறோம்,
விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு.
அடியில் பெற்றோர் கையெழுத்து: டுவைட் டீக்.
மாவட்டத்தின் உப்பு லாரி ஓட்டுபவர்;
பனி விழும் இரவெல்லாம் சாலையில்,
பகலெல்லாம் தூக்கத்தில்.
அவர் கையெழுத்து எனக்குத் தெரியும்.
மதிய உணவுச் சலுகை விண்ணப்பத்தில்
வருடாவருடம்
தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போடுவார்.
இதில் எழுத்து மிதந்தது.
ஒவ்வொரு வளைவும் உருண்டையாக,
பதினேழு வயதின் கவனத்தோடு.

அவள் என்னைப் பார்க்கவில்லை,
ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கையெழுத்தை மாற்றினால் தலையெழுத்து மாறுமா என்று
யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.
யாரும் கேட்கவில்லை.
வெளியே வரிசை.
முத்திரையை மையில் ஒற்றினேன்,
குத்தினேன்,
‘அடுத்தது’ என்றேன்.

மறு ஜூனில் மதிப்பெண் வந்தது. சி.
எடை சேர்த்தும் மூன்றுதான்.
பழைய வகுப்பிலேயே கிடந்திருந்தால் ஏ, நான்கு.
நாற்பத்தோரு இடம் இறங்கியிருந்தாள்.
அதை உள்ளிட்டதும் நானே.

லாக்கரைக் காலி செய்த பையோடு
என் ஜன்னலருகே நின்றாள்.
கஷ்டமாயிருந்ததா என்றேன்.
‘ரொம்ப’ என்றாள்.
‘ஏப்ரலில் ஒரு கணக்கு,
வளைகோட்டுக்கு அடியிலிருக்கிற பரப்பு.
மூன்று மணி நேரம். அப்புறம் வந்துவிட்டது.’
காற்றில் ஒரு மேடு வரைந்து
அதன் அடிவயிற்றை உள்ளங்கையால் தடவிக் காட்டினாள்.
வெளியே அவள் அப்பா ஹாரன் அடித்தார்.

கோர்வின் மூன்றாம் இடம்.
இரண்டாமவளோடு வித்தியாசம்
புள்ளிக்கு அப்புறம் இரண்டு சுழி, ஓர் எட்டு.
அவன் அம்மா தொலைபேசியில் கேட்டாள்,
இன்னொரு தரம் கூட்டிப் பார்க்க முடியுமா?
கூட்டினேன். அதேதான்.
மேல்மாடி இசையறையில்
விடுமுறைக்கு முன் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
குரல் என் அறைவரை கேட்டது,
பன்னிரண்டு, பதின்மூன்று,
பதினான்கு பஸூன், பெட்டியோடு.